மலையேறும் வேன்கள்

சித்திரை பிறந்ததும் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் வேன் பேச்சு கிளம்பிவிடும். தெருவில் ஓர் அக்கா முன்னின்று தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பார். சமையல் மாஸ்டர், அண்டா குண்டா, காஸ் அடுப்பு எல்லாம் வண்டியில் ஏறும். இரவுச் சாப்பாடு முடிந்து புறப்பட்டால் விடியற்காலை மேட்டுப்பாளையம், அப்புறம் ஊட்டி. கல்லூரிகளில் இதே பயணத்துக்கு ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட்) என்று பெயர், ஆலையைப் பார்ப்பது ஒரு மணி நேரம், மலையைப் பார்ப்பது இரண்டு நாள். ஐ.டி. நிறுவனங்களில் டீம் அவுட்டிங். பெயர்தான் வேறு. ஏற்காடு, கொடைக்கானல், ஒகேனக்கல், குற்றாலம் என்று போகிற இடங்களும் போகிற விதமும் ஒன்றே.

இந்தக் கூட்டுப் பயணத்தின் மேல் மலையூர்க்காரர்களுக்கும் சூழல் ஆர்வலர்களுக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. சாலையோரம் அடுப்பு மூட்டுகிறார்கள், ஸ்பீக்கரில் பாட்டை அலற விடுகிறார்கள், கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள் என்பார்கள். பொய்யில்லை. ஆனால் மலைப்பாதையை அடைத்துக்கொண்டு நிற்பது யார் என்று எண்ணிப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் 2024-ல் தெரிவிக்கப்பட்ட விவரப்படி, சீசனில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு நுழைந்த வண்டிகள் 20,011. கார்கள் மட்டும் 11,509. இரு சக்கர வாகனங்கள் 6,524. வேன்கள் 1,341, பேருந்துகள் 637. காருக்கு நான்கு பேர், பைக்குக்கு இருவர், வேனுக்குப் பன்னிரண்டு பேர், பேருந்துக்கு முப்பத்தைந்து பேர் என்று நான் போட்டுப் பார்த்தேன். வேனுக்கும் பேருந்துக்கும் கையை இறுக்கிப் போட்ட கணக்குதான் இது. அப்படியும், வண்டிகளில் பத்தில் ஒரு பங்கே இருக்கிற வேன்களும் பேருந்துகளும், வருகிறவர்களில் பத்தில் நான்கு பேரைச் சுமந்து வருகின்றன. ஒரு பேருந்து மூன்று கார்களின் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்றாலும், அதில் வருகிற கூட்டம் காரில் வர ஒன்பது கார்கள் வேண்டும். நெரிசலுக்காகத் திட்டுவதென்றால் முதலில் திட்ட வேண்டியது நான்கு பேர் கொண்ட நாகரிகமான குடும்பத்தை. அவர்கள் சத்தம் போடுவதில்லை. ஆகவே கண்ணில் படுவதில்லை.

அந்த வழக்கில்தான் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த கோடையில் உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. வரம்பு தேவையானதே. எண்ணுவது வண்டியை, ஆளை அல்ல என்பதுதான் அதன் குறை. இருவர் வரும் காருக்கும் ஐம்பது பேர் வரும் தனியார் பேருந்துக்கும் ஒரே மதிப்பு. அன்றைய எண்ணிக்கை நிரம்பிவிட்டால் பேருந்துக்காரர்கள் ஐம்பது பேர் வீட்டிலிருக்க வேண்டும். காரில் வருகிறவர் அடுத்த வாரம் போய்க்கொள்வார். ஐம்பது பேருக்கும் ஒரே நாளில் விடுப்பு கிடைப்பது மறுபடி அடுத்த ஆண்டுதான்.

கூட்டுப் பயணத்தின் பெரிய பலம் இதில்தான் இருக்கிறது. சொந்த வண்டி இல்லாதவர்கள், தனியாக விடுதி எடுக்கக் கூச்சப்படுகிறவர்கள், வீட்டில் ‘எதுக்கு இப்ப ஊட்டி?’ என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத பெண்கள், முழங்கால் வலிக்கிற பாட்டிகள் எல்லோரும் இப்படித்தான் மலையைப் பார்க்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவோடு வருகிற ஐம்பது வயதுப் பெண்ணுக்கு முகத்தில் மேகம் வந்து மோதுவது வாழ்க்கையில் முதல்முறையாக இருக்கலாம். அவரிடம் போய், இயற்கையை அமைதியாக ரசிக்க வேண்டும் என்று பாடம் எடுப்பது எனக்கு உவப்பானதில்லை.

கூட்டம் தைரியம் தரும். அசட்டுத் தைரியமும் தரும். 2006-ல் கொச்சிப் பக்கத்து நண்பர் குழு ஒன்று கொடைக்கானல் குணா குகைக்குப் போய், தடுப்பைத் தாண்டி உள்ளே இறங்கியது. ஒருவர் குழியில் விழுந்தார். நண்பர் ஒருவரே இறங்கி அவரை மீட்டார். 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படமானது இந்தச் சம்பவம்தான். தனியாக வந்திருந்தால் அவர்களில் எவரும் அந்தக் கம்பியைத் தாண்டியிருப்பாரா என்பது சந்தேகம். தனியாக விழுந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்பதும் உண்மை. படம் ஓடியபின் குகையைப் பார்க்கக் கூட்டம் பெருகியது.

நோய் இருப்பது ஆள் எண்ணிக்கையில் அல்ல, அட்டவணையில். ஊட்டி என்றால் தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, பைக்காரா. நேரமிருந்தால் குன்னூரில் சிம்ஸ் பூங்கா. டூர் ஏற்பாட்டாளர்கள் இவற்றுக்கு வைத்திருக்கிற பெயர் ‘ஸ்பாட்’. எத்தனை ஸ்பாட் என்பதை வைத்தே கட்டணம் பேசப்படுகிறது. ஆகவே எல்லா வேன்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே வாசலில் வந்து நிற்கும். மாவட்டத்தில் சோலைக்காடும் புல்வெளியும் தேயிலைச் சரிவுமாக எவ்வளவோ கிடக்க, ஐந்தாறு நுழைவுச் சீட்டுக் கவுண்டர்களில் மொத்தச் சீசனும் நசுங்குகிறது. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்கு ஏறி, பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாமல், வர்க்கி வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் ஏராளம். இன்னும் ஒரு மணி நேரம் நின்றால் மூட்டம் விலகலாம். அட்டவணையில் அந்த ஒரு மணி நேரம் இல்லை.

இந்த விறைப்பு ஆபத்தாகவும் மாறும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து ஏறினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை விழும். குற்றாலத்திலும் அப்படித்தான். ஒரு மாதம் முன்பே நாள் குறித்து, பணம் கட்டி, முந்நூறு கிலோமீட்டர் வந்தவர்கள் ‘கொஞ்ச நேரம் குளிச்சிட்டுப் போறோம் சார்’ என்று காவலரிடம் மன்றாடுவதைச் சீசனில் பார்க்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது. மேலே மலையில் பெய்கிற மழை, கீழே குளிக்கிறவனிடம் சொல்லிவிட்டு வருவதில்லை.

குப்பையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் மாநிலம் முழுக்கத் தடை, நீலகிரியில் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே தடை. சோதனைச் சாவடியில் தண்ணீர் பாட்டில்களைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டமும் 2022-ல் இங்கேதான் தொடங்கியது. வேன் கூட்டத்துக்கு இதில் ஒரு சாதகம் உண்டு: அண்டாவில் சமைத்து எவர்சில்வர் தட்டில் சாப்பிடுகிறவர்கள், பொட்டலம் பிரிக்கிற கார்க்காரரைவிடக் குறைவாகவே எறிவார்கள். தட்டை எங்கே கழுவுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

கூட்டம் வந்தும் கெடாத இடம் இருக்கிறதா? சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் இருக்கிறது. ஐம்பது பேர் பேருந்தில் வந்தாலும் துடுப்புப் படகில் ஒரு சிலர்தான் ஏற முடியும். அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே போகிற குறுகிய கால்வாய்களுக்குள் மோட்டார் படகு நுழையாது. உள்ளே போனதும் பத்து நிமிடத்தில் ஸ்பீக்கர் கூட்டம் சிறு சிறு மௌனங்களாகப் பிரிந்துவிடுகிறது. யாரும் அறிவுரை சொல்லவில்லை. இடத்தின் அமைப்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஒகேனக்கல் பரிசலும் நீர் அமைதியாக இருக்கிற நாளில் இப்படித்தான். வேடந்தாங்கலில் அந்த வசதி கிடையாது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. அந்த ஏரிக்கரையில் ஒரு பள்ளிப் பேருந்து முழுவதும் ஒரே வரிசையாக, உச்சி வெயிலில், கூச்சலோடு நடக்கிறது. காலையிலோ சாயங்காலமோ பத்துப் பத்துப் பேராக விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கே கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் ஒழுங்காகக் கண்ணில் படும்.

கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் வழியை அரசும் ஓர் இடத்தில் செய்துகாட்டியிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 தடங்கள் திறக்கப்பட்டன. முன்பதிவு, சிறு குழு, உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டி, தீப்பிடிக்கும் காலத்தில் மூடல் என்று அளந்து செய்த திட்டம். ஆனால் கட்டணம் தலைக்கு நூற்றுக்கணக்கில், கடினமான தடங்களில் ஆயிரக்கணக்கில். இணையத்தில் பதிவுசெய்யத் தெரிய வேண்டும். வேன் கூட்டம் இதற்குள் வரவே முடியாது. காட்டின் அமைதி காசுள்ளவர்களுக்கு, கவுண்டர் வரிசை மற்றவர்களுக்கு என்று பிரிந்துபோவது எனக்கு நெருடலாக இருக்கிறது. எளிய தடங்கள் சிலவற்றில் வார நாட்களில் சுயஉதவிக் குழுக்களுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் பெயரளவுக் கட்டணத்தில் இடம் ஒதுக்குவது பெரிய காரியமல்ல.

கடைசியாக, யாரும் கணக்கில் எடுக்காத ஓர் ஆள்: டிரைவர். இரவெல்லாம் ஓட்டிவந்து, மற்றவர்கள் ஸ்பாட் பார்க்கும்போது வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, சாயங்காலம் மறுபடி ஸ்டியரிங்கில் உட்காருகிறவர். சமவெளியில் எவ்வளவு அனுபவம் இருந்தாலும், மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கும் பழக்கம் இல்லையென்றால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். 2023 செப்டம்பர் 30, சனிக்கிழமை மாலை, ஊட்டியிலிருந்து திரும்பிய தென்காசி மாவட்டச் சுற்றுலாப் பேருந்து குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே பள்ளத்தில் உருண்டது. குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள். எத்தனை வண்டி ஏறலாம் என்று விதி வந்தாகிவிட்டது. வெளியூர்ச் சுற்றுலாப் பேருந்து எத்தனை மணிக்குமேல் இறங்கக் கூடாது, அதற்குமுன் டிரைவர் எவ்வளவு நேரம் தூங்கியிருக்க வேண்டும் என்பதையும் அந்த இ-பாஸிலேயே கேட்கலாம். அப்படிக் கேட்டால் ஓர் இரவு கூடுதலாகத் தங்க வேண்டிவரும், தலைக்குச் சில நூறு ரூபாய் ஏறும், வசூலில் சில பெயர்கள் விடுபடும். அதுவும் இழப்புதான். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.