மறுப்பவருக்கு ஐந்து காசு

சபை கூடி ஒருமித்த முடிவுக்கு வரும் முறையைப் பற்றிப் பேச்செழுந்தால் உடனே உத்திரமேரூரைச் சொல்லுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்ச் சாசனங்கள் புகழுக்கு உரியவைதாம்; ஆயினும் அவை கூறும் குடவோலை, வாரியம் என்ற குழுவுக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் முறையேயன்றி, தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் தமக்குள் அபிப்பிராய பேதம் கொண்டால் செய்வது என்ன என்ற வினாவுக்கு விடையன்று. அந்த வினாவை நேரே எதிர்கொண்டவர்கள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நம் திருநெல்வேலிச் சீமையில் இருந்திருக்கிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோயிலுக்குப் போகும் சாலையில் மானூர் இருக்கிறது. 2019இல் தென்காசி தனி மாவட்டமானபோது திருநெல்வேலி மாவட்டத்திலேயே நின்றுவிட்ட ஊர் அது. அங்கே சிவன் கோயிலில், மாறஞ்சடையன் என்னும் பாண்டியனின் 35ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 800இல், வட்டெழுத்தில் வெட்டிய சாசனம் ஒன்று உண்டு. ஊரில் நிலப்பங்கு உடையவர்களின் மக்களுள் மந்திர பிராமணம் என்ற வேதப் பகுதியும் ஒரு தர்ம நூலும் கற்ற நல்லொழுக்கம் உடைய ஒருவரே ஒரு பங்குக்காகச் சபையில் அமரலாம்; கால், அரை, முக்கால் என்று பங்கைத் துண்டாக்கிச் சபையில் இடம் கேட்கலாகாது; தகுதியில்லாதவர் வாரியத்தில் இருக்கலாகாது. இவ்வளவும் படிப்படியாகச் சொல்லிவிட்டு, தகுதி பெற்று அமர்ந்தவரும், வருகிற பிரேரணையையெல்லாம் விடாமல் மறுத்துக்கொண்டே இருக்கலாகாதென்றும், அப்படி மறுப்பவரும் அவருக்குத் துணை நிற்பவரும் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டுமென்றும், தண்டம் செலுத்திய பின்னும் விதிக்குக் கட்டுப்பட்டவரே என்றும் அது முடிக்கிறது.

இந்தக் கடைசி விதியின் நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மறுப்பவரை அது சபையை விட்டு நீக்கவில்லை. அவருடைய இடம் அவருக்கே இருக்கிறது. குற்றமாவது ஒரு விஷயத்தில் மாறுபடுவதன்று, எல்லா விஷயத்திலும் மாறுபடுவது. துணை நிற்பவருக்கும் தண்டம் விதித்ததில், முட்டுக்கட்டை தனியொருவரின் குணமாக அல்லாமல் ஒரு கட்சியின் வேலையாகவே பெரும்பாலும் இருக்கும் என்ற லௌகிக ஞானம் தெரிகிறது. ஆனால் வீம்புக்கு மறுப்பவர் யார், நியாயமான ஆட்சேபம் உடையவர் யார் என்று பிரித்தறியும் வழியை அவர்கள் வகுக்கவில்லை. அதை நிர்ணயிக்க வேண்டியதும் அவர் எதிர்த்த அதே சபைதான். காசில்லாதவருக்கு வாயும் இல்லை என்றாவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நிலமும் வேதமும் இல்லாத பெரும்பாலோர் முதற்படியிலேயே வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே எளிதாக வாய்த்த ஒற்றுமையில் ஒரு பாதி முன்கூட்டியே வாங்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

விதியே இல்லாத சபை மேலானதா என்றால், குற்றாலத்தில் தம் கடைசிக் காலத்தைக் கழித்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சி.யின் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. திருநெல்வேலி வீட்டு முற்றத்தில் பிறந்த அந்தக் கூட்டத்துக்கு ரசனையே சட்டம். கம்பர் பாடல்களில் எது அசல், எது இடைச்செருகல் என்று ஏட்டுப் பிரதிகளைவிட ரசனையையே நம்பி அவர் தீர்த்தார், பண்டிதர்கள் சீறினார்கள். இனிமையான சபை அது, மறுக்கவில்லை. எனினும், பேசும் ஒருவருடைய வசீகரத்தில் எல்லோரும் இசைந்துவிடும் இடத்தில், பிறந்தது உடன்பாடா மயக்கமா என்று எவரால் சொல்ல முடியும்? மானூரில் தண்டம் செய்த வேலையை இங்கே அன்பு செய்துவிடுகிறது.

இன்று தென்காசியைச் சூழ்ந்த ஊராட்சிகளிலும் குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி முதலிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் யாவரும் அங்கத்தினர் என்பதால் மானூரில் பெரும்பாலோர் வெளியே நின்ற குறை தீர்ந்தது. ஆனால் கோரம் நிறைந்ததா என்று தலைகளை எண்ணுவதில் உள்ள கவனம், மறுப்பவர் சொல்லுவதைக் கேட்பதில் இல்லை. தீர்மானம் வாசிக்கப்படுகிறது, கையெழுத்து வாங்கப்படுகிறது, கூட்டம் கலைகிறது. தீர்மானப் புத்தகத்தில் முடிவை எழுதுமுன், ஆட்சேபித்தவர் சொன்ன காரணத்தை அவர் சொற்களிலேயே எழுதி, அதற்குச் சபை கூறிய மறுமொழியையும் எழுதிய பின்னரே கையெழுத்து வாங்குவது என்ற ஒரு படியையாவது ஊராட்சித் தலைவர்கள் அடுத்த கூட்டத்திலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும்.