குச்சிகளை எண்ணியவர்

'ரெயின் மேன்' என்ற அமெரிக்கத் திரைப்படம் 1988-இல் வெளிவந்தது. நீங்கள் அதைப் பார்க்காவிட்டாலும், அதில் வரும் ஒரு காட்சியை யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உணவு விடுதியில் ஒரு பெட்டி பல்குத்தும் குச்சிகள் தரையில் கொட்டிவிடுகின்றன. டஸ்டின் ஹாஃப்மன் நடித்த ரேமண்ட் ஒரே பார்வையில் "246" என்கிறார். பெட்டியில் இருந்தவை 250. மீதி 4 உள்ளேயே தங்கிவிட்டன!

நான்கு ஆஸ்கர் விருதுகள் பெற்ற இப்படம், ஆட்டிசம் என்ற சொல்லைப் பல நாட்டு மக்களிடம் கொண்டு சேர்த்தது. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. கூடவே, ஆட்டிசம் உள்ளவர் என்றால் அபூர்வக் கணக்குப் புலி என்ற தவறான எண்ணமும் பரவிவிட்டது. அத்திறமை அவர்களுள் சிலருக்கே உண்டு. ரேமண்டுக்கு முன்மாதிரியான கிம் பீக் (1951–2009), மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலம் இல்லாமல் பிறந்தவர். அவருக்கு இருந்தது ஆட்டிசம் அல்ல என்றே பின்னாளில் கருதப்பட்டது. விளைவைப் பாருங்கள்: ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாயிடம், "பிள்ளைக்கு என்ன விசேஷத் திறமை?" என்று கேட்கிறோம். மற்றத் தாய்மாரிடம் இப்படிக் கேட்பதுண்டா?

என்னைக் கேட்டால், படத்தின் உயிர் வேறொரு காட்சியில் இருக்கிறது. தம்பி சார்லியின் வீட்டில் அடுப்பிலிருந்து புகை கிளம்ப, புகை எச்சரிக்கை மணி அலறுகிறது. ரேமண்ட் கதவருகே தலையை மோதிக்கொண்டு தவிக்கிறார். இத்தகைய மணியின் ஓசை 3 மீட்டர் தொலைவில் சுமார் 85 டெசிபல். அதிர்வெண் ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. அண்ணன் பக்கத்தில் வைத்தாலும் தம்பி பக்கத்தில் வைத்தாலும் ஒலிமானி ஒரே எண்ணைத்தான் காட்டும். மானி அளப்பது காற்றழுத்தத்தை மட்டுமே. மூளை அதை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது அதில் தெரியாது.

இத்தகைய புலன் வேறுபாடுகளை அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் நோயறி கையேடு ஆட்டிசத்தின் அடையாளங்களுள் சேர்த்தது 2013-இல்தான். படமோ 25 ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கண்முன் நிறுத்திவிட்டது. ஆனால் கதை அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. சார்லி மணியை அடித்து நொறுக்குகிறான். முடிவில் ரேமண்ட் பழைய காப்பகத்துக்கே ரயிலேறுகிறார். அலறாத மணி உள்ள வீட்டில் அவர் வாழ முடியுமா என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை. இங்கேதான் படத்தோடு எனக்குச் சண்டை.

சண்டை போட எனக்கும் முழுத் தகுதி இல்லை. சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவன், மணியடிப்பதற்குச் சற்று முன்னால் காதைப் பொத்திக்கொள்வான். சேட்டை என்று எண்ணிக் கண்டித்தேன். மின்மணி அவன் இருக்கைக்கு நேரே, வாசலுக்கு மேலே இருந்தது. காரணம் எதுவென்று நான் துருவவில்லை. இடத்தை மட்டும் மாற்றினேன். இப்போது கடைசி வரிசையில், சன்னலோரம் உட்காருகிறான். மதிப்பெண் எப்போதும்போலச் சராசரிதான். காதைப் பொத்துவதில்லை.