ஒட்டுதல் என்னும் சொல்லும் அதன் வரலாறும்

மழலை தாயை நாடுவது பசியாலா, பாதுகாப்பை வேண்டியா? இவ்வினாவோடு வாழ்நாளைக் கழித்த அறிஞர்களின் வரலாற்றை ராபி டஷின்ஸ்கி ‘கார்னர்ஸ்டோன்ஸ் ஆஃப் அட்டாச்மென்ட் ரிசர்ச்’ என்னும் பெருநூலாக 2020இல் தந்துள்ளார். ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் வெளியிட்ட இந்நூலை இணையத்தில் எவரும் விலையின்றிப் பெறலாம். எனவே புதுவையில் உளவியலும் மருத்துவமும் ஆசிரியப் பயிற்சியும் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் இது எட்டாக் கனியன்று.

நூலின் தலையாய சிறப்பு, சொற்கள் காலப்போக்கில் பொருள் திரிந்த கதையை விளக்குவதாகும். மேரி எய்ன்ஸ்வர்த் கூறிய ‘நுண்ணுணர்வு’ கொஞ்சுதலைக் குறித்ததன்று. பிள்ளையின் குறிப்பைக் கண்டு, சரியாகப் புரிந்து, காலத்தே தக்கவாறு ஈடுசெய்வதே அது. இதை அறியாத பாடநூல்கள் நற்றாய்க்கு இலக்கணம் வகுத்து, உழைத்துக் களைத்த தாய்மாரைக் குற்றவாளிகளாக்கிவிடுகின்றன. வரலாற்றைக் கற்பிக்க வேண்டுவது இதன்பொருட்டே.

தமிழில் இடர் இன்னும் பெரிது. ‘அட்டாச்மென்ட்’ என்பதைப் பாசம் எனப் பெயர்த்தால் அன்பின் அளவையே மாணவர் எண்ணுவர். நம் இல்லங்களிலோ, “பிள்ளை நன்னியிடம் ஒட்டிக்கொண்டது, புதியவரிடம் ஒட்டாது” என்கிறோம். அஞ்சும்போது எவர் மடியைத் தேடுகிறது என்பதே இங்குக் கருத்து. ஆகவே ‘ஒட்டுதல்’ என்பதே பொருத்தமான சொல்லென நாம் கருதுகிறோம்.

இனி, குறையொன்று. நூலின் ஐந்து இயல்களும் ஐந்து ஆய்வுக் குழுக்களைச் சுற்றியே அமைந்துள்ளன. ஆய்வாளர் வரலாறு இருக்கிறது; ஆய்வுக்கு வாயில் திறந்த வீடுகளின் வரலாறு போதிய இடம் பெறவில்லை. எய்ன்ஸ்வர்த் 1954-55இல் உகாண்டாவின் கம்பாலாவையடுத்த சிற்றூர்களில் 26 குடும்பங்களின் 28 மழலைகளை வீடுவீடாகச் சென்று கண்டார். தம் பிள்ளையைப் பற்றி நுணுக்கமாக எடுத்துரைக்க வல்ல தாயரின் பிள்ளைகளே பெரிதும் உறுதியான ஒட்டுதல் கொண்டிருந்ததாக 1967இல் எழுதினார். அத்தாய்மாரும் இவ்வறிவுத்துறையின் ஆசிரியர்களே அல்லரோ!

தமிழ் இல்லத்தை அறிய, மார்கரெட் ட்ராவிக் 1990இல் வெளியிட்ட ‘நோட்ஸ் ஆன் லவ் இன் எ தமில் ஃபேமிலி’யை உடன்வைத்துப் படித்தல் நலம். கண்ணேறு அஞ்சித் தன் பிள்ளையைக் கண்ணாரக் காணவும் தயங்கும் தாயை அதில் சந்திக்கிறோம். அவளை அன்பற்றவள் என்று அளவுகோல் கூறினால் பிழை அளவுகோலினதே. பெறாதவளும் தாயாகலாம் என்பது ஹலீமா நாயகியாரை நன்கறிந்த நமக்குப் புதிதன்று. வாப்பா சைகோனில் வணிகம் செய்ய, நன்னியும் சாச்சியும் தோளில் சுமந்து வளர்த்த தலைமுறை நம் கடற்கரை ஊர்களில் உண்டு. அவ்வளர்ப்பை எழுதியவர் யார்?

புதுவைக்குப் பேணும் கலை தெரியும். இங்குக் காக்கப்படும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஏட்டில் எழுதியதைக் காத்த ஊர், எழுதப்படாத தாய்மொழிகளையும் காக்கலாகாதா? மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூதாட்டி ஒருவரிடம் பிள்ளை வளர்த்த கதையைக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வைக்கட்டும். டஷின்ஸ்கியின் நூல் எழுப்பும் மாளிகைக்கு, நம் பங்கில் விடுபட்ட மூலைக்கல் அதுவே.