காதியாரின் கதிரையும் இறைவனின் சட்டமும்

பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடித்தவனின் கை ஆறினால் நிரபராதி, அழுகினால் குற்றவாளி. இடைக்கால ஐரோப்பாவில் இப்படிக் கடவுளே தீர்ப்பளிப்பதாக நம்பினார்கள். 1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் இச்சோதனைகளில் குருமார் பங்கெடுப்பதைத் தடைசெய்தது. தீர்ப்பின் பொறுப்பு மனிதன் தலையில் விழுந்தது. அதே நூற்றாண்டில் இறையியலாளர் தோமஸ் அக்குவைனாஸ் அதற்கொரு தத்துவம் எழுதினார்: மனிதச் சட்டம் இறைவனின் நித்திய சட்டத்திலிருந்தே வலுப்பெறுகிறது, ஆனாலும் மனிதன் வகுத்ததால் அது பிழைபடலாம், அதைத் திருத்தலாம்.

இலங்கை முஸ்லிம்களின் மண, மணமுறிவு வழக்குகளை விசாரிக்கும் நமது காதி நீதிமன்றங்களையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். கிழக்கிலங்கையின் நற்பிட்டிமுனையில் தமிழரும் முஸ்லிம்களும் அயலவர்கள். விவாகரத்தென்றால் தமிழ்க் குடும்பம் மாவட்ட நீதிமன்றம் ஏறும். முஸ்லிம் குடும்பம் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதியாரிடம், அதாவது காதி நீதிபதியிடம், போகும்.

காதி முறையில் நன்மை இல்லாமலில்லை. சட்டத்தரணிக்குக் காசு கட்டத் தேவையில்லை. அங்கே அவர் வாதாடவே முடியாது. தாபரிப்புக் கேட்கும் பெண் ஊர்ப்பேச்சிலேயே வழக்கைச் சொல்லலாம். மணமகனுக்குக் கொடுத்த கைக்கூலியை (சீதனப் பணத்தை) திருப்பிக் கேட்கவும் வழியுண்டு.

ஆனால் எதிரே நாவன்மை மிக்க கணவன் இருந்தால், சட்டத்தரணி இல்லாத அதே எளிமை பெண்ணின் கழுத்தைப் பிடிக்கும். தலாக் (கணவன் தரும் மணமுறிவு) சொல்பவன் காரணம் காட்ட வேண்டியதில்லை. பஸஹ் (மனைவி கோரும் மணமுறிவு) கேட்பவள் காரணத்தையும் சாட்சியையும் கொண்டுவர வேண்டும். 1951ஆம் ஆண்டுச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. காதியாரின் அனுமதியோடு 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமியின் மணத்தையும் பதிய இடம் வைத்தது. மற்றவர்களுக்கான பொதுச் சட்டமோ 1995இலேயே மண வயதை 18 ஆக்கிவிட்டது.

திருத்தம் என்றதும் ‘ஷரீஆவில் கைவைக்காதீர்கள்’ என்கிறார்கள். ஆனால் காதியாரை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. சட்டத்தை இயற்றியது பாராளுமன்றம். அதன் மூதாதையான 1806ஆம் ஆண்டுக் கோவையை வெளியிட்டது பிரித்தானியர். ஆய்ந்து தீர்ப்பளித்தவர் தவறினாலும் அவருக்கு ஒரு கூலி உண்டென்கிறது ஹதீஸ். ஆக, நீதிபதி தவறக்கூடியவர் என்பதை மார்க்கமே ஏற்றிருக்கிறது. அந்த ஏற்பு சட்டப் புத்தகத்துக்கு மட்டும் ஏன் எட்டவில்லை?

இச்சட்டத்துக்குத் திருத்தங்களைப் பரிந்துரைக்க 2009இல் அமைக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை தந்தது, அதுவும் இரண்டாகப் பிரிந்து. பெண்கள் காதியாராகலாமா என்பது பிளவுகளில் ஒன்று. சிலவகை வழக்குகளில் பெண் நீதிபதியை ஹனபி மத்ஹப் (சட்டப் பள்ளி) ஏற்கிறது; நம்மவர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் ஏற்பதில்லை. இமாம்களே வேறுபட்ட ஓரிடத்தில் ஒரு கருத்தைத் தேர்ந்துகொள்ள நமக்கு உரிமையுண்டு. தேர்ந்தது நாம்தான் என்பதை மறைக்க உரிமையில்லை.