வீடு, வாக்கு, பசி

1968 ஜூன் மாதம், வட அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில் கலெடன் என்ற சிற்றூரில், ஓர் அரசுக் குடியிருப்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார் ஆஸ்டின் கரி. அவர் அம்மாகாண நாடாளுமன்ற உறுப்பினர். பிள்ளைகுட்டிகளோடு கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்குக் காத்துக் கிடக்க, அந்த வீடு மணமாகாத 19 வயதுப் புராட்டஸ்டண்ட் பெண் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சில மணி நேரத்தில் போலீஸ் அவரை வெளியேற்றியது. ஆகஸ்டில் முதல் குடிமை உரிமைப் பேரணி நடந்தது. அக்டோபர் 5 அன்று டெர்ரி நகரில் பேரணி மீது தடியடி விழுந்தது. அதன்பின் 30 ஆண்டுகளில் 3,500க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

ஒரு வீட்டுப் பிரச்சினை இத்தனை சாவில் போய் முடியுமா? முடியும் என்பதற்கு ஒரு விளக்கம் தந்தவர் ஜான் பர்ட்டன். ஆஸ்திரேலிய வெளியுறவுத் துறையின் செயலாளராக இருந்து பின்னர் ஆய்வாளரானவர். பாதுகாப்பு, அடையாளம், அங்கீகாரம் ஆகியவை மனிதரின் அடிப்படைத் தேவைகள். நலன்களைப் பேரம் பேசித் தீர்க்கலாம், தேவைகளை அப்படித் தீர்க்க முடியாது. அவை மறுக்கப்பட்டால் எந்த அடக்குமுறையாலும் மோதலைத் தடுக்க இயலாது என்றார். போரைக் கெட்டவர்களின் வேலையாகவோ பழைய மதப் பகையாகவோ பார்த்துப் பழகியவர்களை, எது மறுக்கப்பட்டது என்று கேட்க வைத்ததுதான் இந்தப் பார்வையின் பெரும்பலம்.

கலெடன் விவகாரத்தில் இந்தக் கேள்வி நேராக வேருக்குக் கொண்டுபோகிறது. அப்போது வட அயர்லாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலும் வீட்டுக்குப் பொறுப்பாளரும் அவரது துணையும்தான் வாக்களிக்க முடிந்தது. பெற்றோருடன் வாழும் வயதுவந்த பிள்ளைகளுக்கோ வாடகை அறையில் ஒண்டியிருந்தவர்களுக்கோ வாக்கு இருக்கவில்லை. ஆகவே அரசு வீடு ஒன்றைக் கொடுப்பது என்றால் இரண்டு வாக்குகளையும் சேர்த்துக் கொடுப்பது. டெர்ரியில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை. ஆனால் வட்டங்களை வெட்டி வகுத்த விதத்தில் நகர மன்றத்தின் 20 இடங்களில் 12, பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய, பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளான யூனியனிஸ்டுகள் கையில் இருந்தன. அந்தக் கணக்கு பிசகாமலிருக்க, கத்தோலிக்கர்களுக்கான வீடுகள் ஒரே வட்டத்துக்குள் அடைக்கப்பட்டன. கூரை என்ற உடல் தேவையும், தானும் ஒரு குடிமகன் என்ற மனத் தேவையும் ஒரே கதவுக்குப் பின்னால் பூட்டப்பட்டிருந்தன. கலவரத்துக்கான காரணங்களை ஆராய்ந்த கேமரன் ஆணையமும் 1969இல் வீட்டுக் குறையைத்தான் முதலில் வைத்தது.

உணவும் உறைவிடமும் நிறைந்த பிறகே மனிதர் மதிப்பைத் தேடுவார்கள் என்று ஆபிரகாம் மாஸ்லோவின் பெயரால் சொல்லப்படும் படிநிலையைப் பர்ட்டன் ஏற்கவில்லை. அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1981இல் வட அயர்லாந்தின் மேஸ் சிறையில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய கைதி பாபி சாண்ட்ஸ் 66 நாள் உண்ணாமல் கிடந்து இறந்தார். அவரைத் தொடர்ந்து மேலும் ஒன்பது பேர். சிறைச் சீருடைக்குப் பதில் சொந்த உடை என்பது அவர்களது ஐந்து கோரிக்கைகளில் ஒன்று. தங்களைக் குற்றவாளிகளாக நடத்தக் கூடாது என்பதற்காகப் பசியையே ஆயுதமாக்கினார்கள். சாகக் கிடந்த சாண்ட்ஸை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது கலெடன் அடங்கிய அதே தொகுதி.

இவ்வளவு தெளிவாக நோயைக் கண்டுபிடித்த பார்வை, மருந்து என்று வரும்போது தடுமாறுகிறது. தேவையை நிறைவேற்றினால் மோதல் அடங்கும் என்பது அதன் நம்பிக்கை. இங்கே தேவை நிறைவேறியது. உள்ளாட்சி வாக்குரிமை 1969இல் திருத்தப்பட்டது. வீட்டு ஒதுக்கீட்டை உள்ளாட்சிகளிடமிருந்து பறித்து 1971இல் தனி வீட்டுவசதி அமைப்பிடம் கொடுத்தார்கள். ஆனால் மிகக் கொடிய ஆண்டு 1972. காரணம், இடைப்பட்ட காலத்தில் தேவையே வேறாகிவிட்டது. 1969 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டின் பாம்பே தெருவில் கத்தோலிக்கர் வீடுகள் எரிந்தன. 1971இல் விசாரணையற்ற சிறைவாசம் வந்தது. 1972 ஜனவரி 30 அன்று டெர்ரியில் ராணுவம் ஊர்வலத்தினர் 13 பேரைச் சுட்டுக்கொன்றது. வீடு கேட்டவர்களின் தம்பிகள் துப்பாக்கி கேட்டார்கள். தேவைகளை என்றும் மாறாதவையாக எழுதிவைத்த கோட்பாட்டில், காலம் கடந்து வரும் நீதிக்கு என்ன மதிப்பு என்பதற்கு இடமே இல்லை. இதை நான் அதன் மிகப் பெரிய ஓட்டையாகக் கருதுகிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. ஒருவருக்குப் பாதுகாப்பும் அடையாளமும் கிடைத்தால் மற்றவருக்கு அவை குறைந்துபோவதில்லை என்பது பர்ட்டனின் வாதம். ஆனால் புராட்டஸ்டண்டுகளில் பலருக்குத் தங்கள் ஆதிக்கமே பாதுகாப்பாகத் தெரிந்தது. டெர்ரி மன்றம் கைமாறுவது அயர்லாந்துக் குடியரசோடு போய்ச் சேரும் முதல் படியாகவே அவர்களுக்குப் பட்டது. அந்த அச்சம் போலியன்று. ஆனால் அதைப் போக்க அவர்கள் கைக்கொண்ட வழி அநியாயமானது. தேவை உண்மையானது என்பதாலேயே அதைத் தேடும் வழி நியாயமாகிவிடாது. இரண்டையும் பிரித்துச் சொல்லும் கூர்மை இக்கோட்பாட்டில் போதவில்லை.

1998 ஏப்ரல் 10 அன்று எட்டப்பட்ட அமைதி ஒப்பந்தம் அந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. மண் எந்த நாட்டுடையது என்ற கேள்வியைப் பெரும்பான்மை மக்களின் ஒப்புதலுக்கு விட்டுவிட்டு, ஒருவர் பிரிட்டிஷாராகவோ ஐரிஷாராகவோ இரண்டுமாகவோ இருக்கலாம் என்றது. பர்ட்டன் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. துப்பாக்கிகள் பெருமளவு ஓய்ந்தன.

ஆனால் அதே ஒப்பந்தம் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரையும் யூனியனிஸ்ட், (அயர்லாந்துக் குடியரசோடு இணைய விரும்பும்) தேசியவாதி, பிறர் என்று பதிவு செய்யச் சொன்னது. முக்கிய முடிவுகளுக்கு முதல் இரு தரப்பின் ஒப்புதலும் தேவை. ‘பிறர்’ வாக்குக்கு அங்கே எடை குறைவு. பெரிய தரப்புகளில் ஒன்று வெளியேறினால் ஆட்சியே நின்றுவிடும். பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையிலான ஐரிஷ் கடல் வணிக விதிகளை எதிர்த்து யூனியனிஸ்ட் கட்சி ஒன்று ஒதுங்கியதால் 2022 முதல் 2024 பிப்ரவரி வரை அரசு முடங்கியது. 2024 ஜனவரியில் செவிலியர், ஆசிரியர், பேருந்து ஓட்டுநர் என்று இரு சமூகத்தாரும் ஒன்றாகத் தெருவில் இறங்கி, தங்களுக்கு வரவேண்டிய ஊதிய உயர்வைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள்.