டிரினிட்டியில் தமிழுக்கு இடம்

சிங்கப்பூரின் டிரினிட்டி இறையியல் கல்லூரி சிறைக்குள் கருவானது. ஜப்பானியர் ஆட்சியில் சாங்கியில் அடைபட்டிருந்த ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன் ஊழியர்கள், இனிப் போதகர்களைச் சேர்ந்தே பயிற்றுவிப்பது பற்றி அங்கேதான் பேசினார்கள். 1948இல் சோஃபியா மலையில் கல்லூரி திறந்தது. 1963இல் லூத்தரன்களும் வந்தார்கள். திருச்சபைப் பிரிவுகளைத் தாண்டிய இந்த ஒற்றுமை இன்றும் நிலைத்திருப்பது பெரிய சாதனை.

மொழி என்று வரும்போதுதான் இடறுகிறது. 2001 முதல் அப்பர் புக்கித் தீமாவில் இயங்கும் கல்லூரியின் பாடத்திட்டங்கள் ஆங்கிலத்திலும் சீனத்திலும் நடக்கின்றன. தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் போதகரை உருவாக்கும் மொழியாக அது அங்கே இல்லை. ஷார்ட் தெருவின் தமிழ் மெதடிஸ்ட் சபையிலோ டார்செட் சாலையின் கிறிஸ்து ஆலயத்திலோ பிரசங்கிக்க வேண்டியவர், கிருபையையும் பாவத்தையும் ஆங்கிலத்தில் கற்று, சனி இரவில் தமிழாக்க வேண்டும். தமிழகத்திலிருந்து வரும் போதகருக்குத் தமிழ் தடையில்லை. வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் அடுக்குமாடிப் பிள்ளைகள்தான் அவருக்குப் புதிது. இரண்டு பேருக்கும் பாதிப் பயிற்சிதான்.

மதுரை அரசரடி வேறு வழியில் போனது. 1969இல் தென்னிந்தியத் திருச்சபையும் லூத்தரன்களும் சேர்ந்து தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தமிழிலேயே இறையியலைக் கற்பித்தது. முதல் முதல்வர் சாமுவேல் அமிர்தம் பின்னர் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இறையியல் கல்விப் பணிக்குத் தலைமை ஏற்றார். மாணவர்கள் வளாகத்தை விட்டு ஏழைக் குடியிருப்புகளில் தங்கிப் படித்தார்கள். அங்கே கற்பித்த தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்து, எல்லோரும் ஒரே உலையில் பொங்கி உண்பதையே தலித் இறையியலின் மையமாக்கினார். குறையும் உண்டு. அங்கே கற்ற சமத்துவத்தோடு ஊருக்குத் திரும்பும் இளம் ஆயர், சாதி பார்க்கும் சபைக் கமிட்டியிடம் தனியாக மாட்டிக்கொள்கிறார். சபையாரைப் பயிற்றுவிக்காமல் போதகரை மட்டும் பயிற்றுவித்து என்ன பயன்?

அரசரடியை அப்படியே இங்கே பெயர்த்து நடவும் முடியாது; சமயம் அரசியலில் கலப்பதை இந்த அரசு பொறுப்பதில்லை. திருச்சபைகளின் கூட்டமைப்பான ஆசியக் கிறிஸ்தவ மாநாடு அரசியலில் இறங்கியதாகக் கூறி 1987 டிசம்பரில் அதன் சிங்கப்பூர் அலுவலகத்தை அரசு மூடியது. 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது. கல்லூரிகள் எச்சரிக்கையாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு வரும் கட்டுமானத் தொழிலாளி, ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனையும் வேலையில் பட்ட காயத்தையும் சொல்லும்போது உட்கார்ந்து கேட்பது அரசியல் அல்ல, மேய்ப்புப் பணி. அதைத் தமிழில் செய்யக் கற்பிக்க எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

எண்ணிக்கை போதாது என்பார்கள். 2020 கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான், இவ்வளவு குறைவான பேருக்காகத் தமிழில் தனிப் பட்டப்படிப்பு நடத்த முடியாதுதான். அதை யாரும் கேட்கவும் இல்லை. தமிழ்ப் பிரசங்கத்துக்கு ஒரு பாடம், தேக்காச் சபைகளில் ஒரு பருவக் களப்பணி: இவ்வளவுதான் கோரிக்கை. மெதடிஸ்ட் திருச்சபையின் இம்மானுவேல் தமிழ் ஆண்டு மாநாடும் ஆங்கிலிக்கன் தமிழ்ச் சபைகளும் சேர்ந்து இதைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.