மறுமொழி கேட்காத காதல்

காதலைப் பாடாத தமிழ்ப்படம் ஏது? பக்திப் படமா, அங்கே வள்ளி உண்டு. அரச கதையா, அங்கே இளவரசி உண்டு. கொள்ளைக்காரனைத் துப்பறியும் கதையா, துப்பறிவோனுக்கும் ஒரு காதலி வேண்டும், அவளோடு ஆட நான்கு பாட்டு வேண்டும். 1931-இல் ‘காளிதாஸ்’ வாய்திறந்து பேசிய நாள்முதல் இன்றுவரை, இடைவிடாது, இளைப்பாறாது, காதலைப் பாடிக்கொண்டே இருக்கிறது நமது வெண்திரை. இத்தனை ஆண்டுகள் இவ்வளவு பாட்டுக் கேட்ட நாட்டிலே, காதலித்தவர்கள் அச்சமின்றி வாழவேண்டுமல்லவா? வாழ்கின்றனரா?

அண்மையில், பழையனவும் புதியனவுமாகச் சில படங்களை அடுத்தடுத்துக் கண்டேன். அதற்காக இப்போது கொட்டகையைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கைப்பேசிக்குள்ளேயே 1959-ம் கிடைக்கிறது, 2022-ம் கிடைக்கிறது. ஒரே கிழமையில் இரண்டையும் பார்த்தால் ஓர் உண்மை பளிச்செனப் புலனாகிறது. உடை மாறியிருக்கிறது, நடை மாறியிருக்கிறது, கடிதம் போய்க் கைப்பேசி வந்திருக்கிறது. ஆனால், ‘பெண்ணே! உன் விருப்பம் யாது?’ என்று கேட்டே தீரவேண்டிய கட்டம் நெருங்கும்போதெல்லாம், கதை மட்டும் வேறு பக்கம் ஓடி ஒளிந்துகொள்கிறது.

ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1962-இல் வந்த படம். பெரும்பகுதி ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்வது. புற்றுநோயாளியான கணவனைக் காப்பாற்றக்கோரி மனைவி சீதா வருகிறாள். மருத்துவனோ அவளுடைய பழைய காதலன் முரளி. இதை அறிந்த கணவன் வேணு பொறாமையால் பொங்கவில்லை, ஐயத்தால் வாடவில்லை. தான் இறந்துபட்டால் நீ அந்த மருத்துவரையே மணந்துகொள் என்று மனைவியிடம் கூறுகிறான். எத்துணைப் பெரிய சொல்! சீர்திருத்த மேடைகளில் நாம் தொண்டை வறளப் பேசியதை, ஒரு நோயாளியின் படுக்கையிலிருந்து, பட்டிதொட்டியெல்லாம் கேட்கும்படி பேசவைத்தார் ஸ்ரீதர். அதற்காக அவரைப் பாராட்டாமலிருக்க இயலாது.

பிறகு நடப்பதென்ன? சீதா அதிர்கிறாள், மறுக்கிறாள். மறுப்பது அவள் உரிமை. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் கதை அத்தோடு அமைதியுறவில்லை. அறுவை வெற்றி பெறுகிறது, கணவன் பிழைக்கிறான், மருத்துவன் மாண்டுபோகிறான்! ஏன் மாளவேண்டும்? அவன் உயிரோடிருந்தால் அந்தக் கேள்வியும் உயிரோடிருக்கும். எனவே, கேள்வியைப் புதைக்க ஆள் ஒருவனைப் புதைத்தனர். விதவை மறுமணத்தைச் சட்டம் ஒப்புக்கொண்டது 1856-இல். நூற்றாறு ஆண்டுகள் கழித்தும், ‘மறுமணம்’ என்ற சொல்லை உச்சரித்துவிட்டு உடனே ஓர் உயிரைக் கழுவாயாகக் கொடுக்க வேண்டியிருந்தது நம் திரைக்கு.

அவருடைய ‘கல்யாணப் பரிசு’ (1959) இதற்கு மூத்த உடன்பிறப்பு. தங்கை விரும்பியவனை, அவளது காதலை அறியாமல், அக்காளும் விரும்புகிறாள். அறிந்த தங்கை விட்டுக்கொடுக்கிறாள். தியாகம் என்கிறது படம். மூவரும் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பேசியிருந்தால் மூன்று வாழ்வும் பிழைத்திருக்கும். பேசினால் படம் ஏது என்பீர். உண்மைதான். ஆனால் பேசாமை எனும் பெருநோய்க்குத் தியாகம் எனப் பெயரிட்டுத் தாய்மார்களை அழவைத்தது, நல்ல மருத்துவமன்று.

இனித் தாலிக்கு வருவோம். தாலியில்லாத் தமிழ்ப்படம் காதலில்லாத் தமிழ்ப்படத்தினும் அரிது.

பாக்கியராசின் ‘அந்த 7 நாட்கள்’ 1981-இல் வெளிவந்தது. நகைச்சுவையும் நெஞ்சுருக்கமும் கலந்த, கெட்டிக்காரத்தனமான படம். காதலனிடமிருந்து வலிந்து பிரிக்கப்பட்ட வசந்தி, மனைவியை இழந்த மருத்துவர் ஒருவருக்கு மணமுடிக்கப்படுகிறாள். முதலிரவிலேயே உயிர்விட முனைகிறாள். மருத்துவரோ பண்பாளர். அவள் கதையைக் கேட்டு, சாகுந்தறுவாயிலுள்ள தம் தாய் கண்மூடும் வரை பொறுத்திரு, காதலனோடு உன்னைச் சேர்த்துவைக்கிறேன் என்கிறார். சொன்னபடி காதலனை அழைத்தும் வருகிறார். இருவர் ஒப்பியாயிற்று. மூன்றாமவள் ஒரு முடிச்சை அவிழ்த்தால் போதும். அவளால் இயலவில்லை! உடனே காதலன், இதுவன்றோ நமது பண்பாடு என்று மெய்சிலிர்த்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறான். கொட்டகை கைதட்டியது.

அந்தக் கைதட்டல் எழுந்த ஆண்டை மீண்டும் நோக்குக. 1967-இல் அண்ணா தலைமையில் அமைந்த அரசு சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. 1968 சனவரியில் அது நடப்புக்கு வந்தது. மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் அணிவித்தாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று இருவரும் தம் வாயால் கூறினாலும் போதும். கயிற்றுக்கு நிகராகச் சொல்லையும் அமர்த்திய சட்டம் அது. பதின்மூன்று ஆண்டுகள் கடந்து, சொல்லற்றவளாய் நிற்கும் ஒரு பெண்ணின் கழுத்துக் கயிற்றுக்கு மகுடம் சூட்டியது படம். கட்டியபோது அவள் ‘ஆம்’ என்றாளா என்று இயக்குநர் கேட்கவில்லை. காதலனும் கேட்கவில்லை.

தாலி புனிதமென்றால் எல்லாத் தாலியும் புனிதமாயிருக்க வேண்டுமல்லவா? பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004) படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழுதுபார்க்கும் பட்டறையில் உழைக்கும் முருகனும் செல்வர்வீட்டுப் பெண் ஐஸ்வர்யாவும் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி, தாமே விரும்பி மணந்துகொள்கின்றனர். இங்கும் தாலி உண்டு. பெண்ணின் வீட்டார் வஞ்சகமாக அழைத்துச் சென்று அந்தத் தாலியை அறுத்தெறியச் செய்கின்றனர், அவனை அடித்துச் சிதைக்கின்றனர். அவள் வேறொருவனுக்கு மனைவியாகிறாள். அவன் பித்தனாகித் தெருவில் திரிகிறான். வலிந்து கட்டிய தாலியைக் கழற்ற ஒரு படத்தில் பெண்ணுக்குக் கை வரவில்லை. விரும்பிக் கட்டிய தாலியைப் பறிக்க மற்றொரு படத்தில் உறவினருக்குக் கை கூசவில்லை! அப்படியாயின் வலிமை கயிற்றிலா இருக்கிறது? கட்டச்சொன்னவர் குடும்பத்துப் பெரியவரா, கட்டிக்கொண்டவர்களேயா என்பதிலன்றோ இருக்கிறது? ‘காதல்’ இந்த உண்மையை மறைக்காமல் காட்டியது. அதனால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படம் நெஞ்சை அறுக்கிறது. முடிவில், பித்தனானவனை ஏற்று ஆதரிக்கும் கணவனின் பெருந்தன்மையிலே பார்வையாளருக்கு ஆறுதல் தேடியதுதான் குறை. அடித்தவர்கள் எங்கே போயினர் என்று கேட்க மறந்து, அணைத்தவனைப் புகழ்ந்துகொண்டே வீட்டுக்குத் திரும்புகிறோம்.

(‘96’ என்ற 2018-ஆம் ஆண்டுப் படத்தைக் குறித்தும் நண்பர்கள் உருகி உருகிப் பேசுகின்றனர். பள்ளிக்காதலியை எண்ணி, வேறு பெண்ணையே நாடாமல் வாழ்ந்துவரும் ஓர் ஆடவனின் கதை. கற்பை இருபாலார்க்கும் பொதுவாக்குக என்று நாம் கேட்டது, பெண்ணின் விலங்கைக் கழற்றுவதற்காக. ஆணுக்கும் ஒரு விலங்கு செய்து மாட்டிவிட்டனர்! ஆயினும் மென்மையான படம், பெண்ணைத் துன்புறுத்தாத படம். அதைக் கடிய மனம் வரவில்லை.)

துன்புறுத்தும் படங்களோ எண்ணில. பெண் போகுமிடமெல்லாம் பின்தொடர்வது, பேருந்தில் வழிமறிப்பது, தோழர்களோடு சூழ்ந்து பாடுவது, அவள் முகஞ்சுளித்தால் ‘நாணம்’ என்பது, ஏசினால் ‘ஊடல்’ என்பது! பாலாவின் ‘சேது’ (1999) நடிப்பிலும் ஆக்கத்திலும் சிறந்த படம், மறுப்பில்லை. அதிலே நாயகன் அப்பெண்ணைத் தூக்கிச் சென்று, அச்சுறுத்தித் தன் காதலை ஏற்கச் சொல்கிறான். அவள் பின்னர் உருகிவிடுகிறாள். ‘ரெமோ’ (2016) நாயகன், வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை அடையச் செவிலி வேடம் பூண்டு ஏய்க்கிறான். புதுமை என்றனர். ஏது புதுமை? கிழவன் வேடமிட்டு வந்து, அண்ணனை யானையாக ஏவி அச்சுறுத்தி வள்ளியை அடைந்த கதையைத்தானே புராணிகர் கோயில்தோறும் பாடினர்!

தமிழன் இலக்கணம் இதற்கு முன்பே தீர்ப்பளித்துவிட்டது. தொல்காப்பியம் அகத்திணை ஏழென்று வகுத்து, இருவரும் ஒத்த அன்பை நடுவிலுள்ள ஐந்திணையில் அமைத்தது. ஒருபுறம் கைக்கிளையையும் மறுபுறம் பெருந்திணையையும் ஒதுக்கிவைத்தது. எது கைக்கிளை? பருவமெய்தாத சிறுமியிடம் பேசி, அவளிடமிருந்து மறுமொழியே பெறாமல், தானே சொல்லித் தானே இன்புறுவது. எது பெருந்திணை? மடலேறி ஊரறிய மிரட்டுவதும் அதனுள் ஒன்று. பனங்கருக்குக் குதிரை இன்று இல்லை. மணிக்கட்டை அறுத்துக்கொள்வேன் என்னும் மிரட்டல் இருக்கிறது. இந்த இரண்டையும் எடுத்து ஐந்திணையின் அரியணையில் உட்காரவைத்து, இதுவே காதல் என்று இளைஞனுக்குக் கற்பித்தது யார்? பெண்ணின் மறுப்பை மீறிப் பின்தொடர்வது 2013 முதல் இந்தியச் சட்டத்தில் தனிக்குற்றம். 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 78-ஆம் பிரிவு அதையே கூறுகிறது. காவல் நிலையத்தில் குற்றமாயிருப்பது கொட்டகையில் கதாநாயகத் தகுதியாயிருக்கிறது.

இலக்கணத்தைத் தொட்டதால் இலக்கியத்தையும் தொடுவோம். காதலனோடு ஊரைவிட்டுச் செல்வதற்கு ‘உடன்போக்கு’ என்று தனித்துறையே கண்டனர் பழந்தமிழர். கலித்தொகையில், மகளைத் தேடிப் பாலைவழி வரும் செவிலியை முக்கோல் ஏந்திய அந்தணர் எதிர்கொள்கின்றனர். அவர்களே, அவள் சென்றது அறநெறிதான், வருந்தாது திரும்புக என்று கூறி அனுப்புகின்றனர்! அன்று தேடிவந்தவள் கண்ணீரோடு வந்தாள். இன்று தேடிவருவோர் எதனோடு வருகின்றனர்?

2016 மார்ச்சு 13. உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த இணையரை ஒரு கும்பல் வெட்டியது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அந்த இளைஞர் உயிரிழந்தார். கண்காணிப்புக் கருவி அதைப் படமெடுத்தது. பின்னணி இசை இல்லாத, தியாக வசனம் இல்லாத அந்தப் படத்தை நாடே பார்த்தது. வெட்டுப்பட்டுப் பிழைத்த அந்தப் பெண் ஊமையாக ஒதுங்கவில்லை. நீதிமன்றத்தில் நின்று, பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி கூறினார். திரையிலே நான் காணத் தவித்த காட்சி நீதிமன்றத்திலே நிகழ்ந்தது.

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018-இல் வந்தது. அகவை வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் ஒப்புதலோ ஊர்க்கூட்டத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று உச்சநீதிமன்றம் தெளிவுறக் கூறியதும் அதே ஆண்டு மார்ச்சில்தான். நெல்லைச் சட்டக்கல்லூரி மாணவன் பரியன், உடன்படிக்கும் ஜோ. அவள் அழைத்த திருமணத்துக்குச் சென்றதற்காக அவனை அறைக்குள் அடைத்து, அடித்து, சொல்லக்கூசும் இழிவைச் செய்கின்றனர் அவள் உறவினர். ஆணவக் கொலையை விபத்தாகவும் தற்கொலையாகவும் காட்டி முடிக்கும் முதியவன் ஒருவன் அதில் வருகிறான். தமிழ்த்திரை படைத்த கொடியோருள் அவனுக்கு நிகர் இல்லை. வாள் சுழற்றுவதில்லை, உறுமுவதில்லை, ஊருக்கு நற்பணி செய்பவன்போல் அமைதியாகக் கொல்கிறான். இறுதியில், பால் கலந்ததும் கலவாததுமாக இரண்டு தேநீர்க் குவளைகள் அருகருகே நிற்கின்றன. இரட்டைக் குவளை முறையை அறிந்த எந்தத் தமிழனும் அக்காட்சியை எளிதில் மறவான். தேனும் பாலுமாகப் பேசி முடித்துவிடாமல், நீங்கள் மாறாதவரை எதுவும் மாறாது என்னும் பொருள்படப் பெண்ணின் தந்தையிடம் பரியன் பேசுவது, வெண்திரையில் நான் கேட்ட நேர்மையான பேச்சுகளுள் ஒன்று.

இவ்வளவு உயர்ந்த படத்திலும் ஜோவுக்கு எதுவும் தெரியாது! தன் வீட்டார் செய்த கொடுமை அவளிடமிருந்து மறைக்கப்படுகிறது. அவள் வருந்துவாளே என்ற அன்பினால் பரியனும் மறைக்கிறான். பேச்சு ஆடவர் இருவருக்கிடையே நடக்கிறது. உடுமலைப் பெண் அறிந்தார், அறிந்ததால் பேசினார். ஜோவுக்கு அந்த வாய்ப்பு வழங்கப்படவில்லை.

பா. இரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) இங்கேதான் ஓரடி முன்னே வைக்கிறது. புதுவையில் நாடகக் குழுவொன்று காதலைப்பற்றி நாடகம் ஆக்க முனைகிறது. குழுவிலுள்ள ரெனே, காதலன் பூசலின்போது சாதியைச் சுட்டி இழித்துப் பேசிய அக்கணமே உறவை முறித்துக்கொள்கிறாள். படம் தொடங்குவதே அங்கேதான். அவள் மறுமொழியிலிருந்து கதை பிறக்கிறது. நடுவே விவாதம் மிகுந்து, மாந்தர் மேடைப்பேச்சாளராக மாறிவிடுகின்றனர் என்ற குறை எனக்கு உண்டு. மேடைப்பேச்சிலேயே வளர்ந்த நமக்கு அக்குறையைச் சொல்ல என்ன தகுதி என்று நண்பர் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். ரெனேயின் துணிவும் ‘பரியேறும் பெருமா’ளின் கலைத்திறமும் ஒருங்கே கூடிய படமொன்று வேண்டும். எல்லாவற்றையும் அறிந்துகொண்ட மறுநாள் காலையில் ஜோ தன் தந்தையிடம் என்ன கேட்பாள்? அந்தப் படத்தைக் காணத்தான் ஆவலாயிருக்கிறேன்.